கேசட் வாய்க்குள் புளூடூத்

தனியார் காருக்கு நம் நாட்டில் முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக்கொள்ளலாம். அப்படி நீட்டித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். இன்ஜின் சீராக இருக்கும், ஏசி குளிரும், சீட் துணிகூடக் கிழிந்திருக்காது. டாஷ்போர்டின் நடுவில் மட்டும் காலம் நின்றுபோயிருக்கும்: கேசட் நுழைக்கும் வாய், அல்லது சிடி நுழைக்கும் கீறல். போனைச் செருக வழி கிடையாது. போன் பக்கமும் நிலைமை மாறிவிட்டது. 2016-ல் ஐபோன் 7 அந்த 3.5 மில்லிமீட்டர் துளையைக் கைவிட்டது. பிறகு வந்த போன்கள் பலவும் அதே வழியில் போயின.

கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "கழட்டிடுங்க சார், ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டுடலாம்." போடலாம்தான். ஆனால் பல கார்களில் கம்பெனி செட்டின் முகப்பு டாஷ்போர்டின் வளைவோடு சேர்த்து வார்க்கப்பட்டது. அதை எடுத்துவிட்டு 180 மில்லிமீட்டர் அகலம், 50 அல்லது 100 மில்லிமீட்டர் உயரம் என்ற பொது அளவுப் பெட்டியை வைத்தால் சுற்றிலும் இடைவெளி விழும். அதை மூட ஒரு பிளாஸ்டிக் சட்டம், அது ஆறு மாதத்தில் கிறீச்சிடும். 2020-ல் போர்ஷே நிறுவனம் தன் பழைய கார்களுக்கென்றே, பழைய ரேடியோவின் தோற்றத்தில், உள்ளே புளூடூத் வைத்த ஒரு செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய முகத்தின் அருமை தயாரித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

புது செட் என்றால் சத்தம் கூடும் என்பதும் பாதிக் கதை. முகப்பில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பார்கள். ஓடும் காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். இரண்டு பெருக்கிகளை எதிரெதிராகக் கட்டி, நடுவே 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், ஒலி சிதையாமல் கொடுக்கக்கூடிய உச்சம் கணக்குப்படியே ஏறத்தாழ 26 வாட். நடைமுறையில் 20 வாட் பக்கம். தனியாக ஆம்ப்ளிஃபையர் பெட்டி வைக்காதவரை சாதாரண செட் இதைத் தாண்டுவது அரிது. இருபது வயது செட்டிலும் பெரும்பாலும் இதே சுற்றுதான். (இந்த வகைச் சுற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை பாடியில் எர்த் செய்யக் கூடாது. செய்தால் பெருக்கி ஐசி புகைந்துவிடலாம்.)

ஆகவே பெருக்கி இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது. அவற்றுக்கு வேண்டியது மூன்றில் ஒரு வோல்ட் அளவுள்ள ஒலிச் சமிக்ஞை. அது கேசட்டிலிருந்து வந்ததா, போனிலிருந்து வந்ததா என்று பெருக்கி கேட்காது. செட்டுக்குள் அந்தச் சமிக்ஞையை எந்த இடத்தில் நுழைக்கிறோம் என்பதுதான் விஷயமே. பெருக்கிக்கு எவ்வளவு பக்கத்தில் நுழைக்கிறோமோ அவ்வளவு சேதம் குறைவு.

மிகத் தொலைவான இடம் ஆன்டெனா. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் இந்த வழியாக நுழைகிறது. மலிவு, ஒயர் வேலை இல்லை, அவ்வளவுதான் பெருமை. எஃப்எம் ஸ்டீரியோவில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலி ஓடுவதால் பாட்டை 15 கிலோஹெர்ட்ஸோடு வெட்டிவிடுவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை இட நெருக்கடி. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. இன்று அதே ஊரில் காலியான ஓர் அலைவரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும், எஃப்எம் ரிசீவர் இரண்டு நிலையங்களில் வலுவானதை மட்டும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சென்னையில் காலியாக இருந்த அலைவரிசையில் புதுச்சேரி நெருங்கும்போது வேறொருவர் பேச ஆரம்பிப்பார்.

கேசட் அடாப்டர் இதைவிட எவ்வளவோ மேல். பிலிப்ஸ் 1963-ல் வெளியிட்ட கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டை உரசிப் போகும். நாடாவில் பதிந்த காந்தப்புலம் மாற மாற, ஹெட்டின் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். ஒரு மில்லிவோல்ட்கூட இருக்காது. ஹெட்டுக்குத் தேவை மாறும் காந்தப்புலம் மட்டுமே, நாடா இல்லை. அடாப்டருக்குள் இருப்பது இன்னொரு ஹெட். போனின் சமிக்ஞை அதில் ஓட, எதிரே இருக்கும் செட்டின் ஹெட் அதை நாடா என்று நம்பி வாசிக்கிறது. நாடா இல்லாததால் நாடாவின் உஸ்ஸென்ற இரைச்சல் இல்லை. மோட்டார் தடுமாறினாலும் பாட்டு இழுபடாது. ஒரிஜினல் கேசட்டைவிட அடாப்டரில் பாட்டு சுத்தமாகக் கேட்பது இதனால்தான். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். டால்பி பொத்தானை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேல் சுருதி மங்கும். சில ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகள், சக்கரம் சரியாகச் சுற்றவில்லை என்று எண்ணி அடாப்டரைத் துப்பிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் புளூடூத்தும் உள்ளேயே வைத்த கேசட்டுகளும் விற்கின்றன. வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து சார்ஜ் போடப் பொறுமை உள்ளவர்களுக்கு அவை சரி.

சிடி செட்டில் எந்த ஹெட்டையும் ஏமாற்ற முடியாது, லேசர் கதிர் காந்தத்துக்கு மசியாது. ஆனால் அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றின் முதுகில் ஒரு சாக்கெட் சும்மா கிடக்கிறது. ஆறு அல்லது பத்து சிடி அடுக்கும் சேஞ்சர் பெட்டியை டிக்கியில் வைத்து இணைப்பதற்காகக் கொடுத்தது. நம் ஊரில் அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் சொற்பம், சாக்கெட் மட்டும் தங்கிவிட்டது. அதில் ஒலிச் சமிக்ஞையைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தால் செட் வாயே திறக்காது. ஏனென்றால் செட்டும் சேஞ்சரும் ஒரு தகவல் தடத்தில் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. செட் வருகைப் பதிவு எடுக்கும். "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தால்தான் ஒலிப் பாதையைத் திறக்கும். எனவே ஒரு சிறு மின்னணுப் பெட்டி சேஞ்சராக வேடம் போட வேண்டும். சிடி இருக்கிறது, பாட்டு ஓடுகிறது, என்று நேரம் தவறாமல் பொய்த் தகவல் அனுப்ப வேண்டும்.

சிக்கல், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. டொயோட்டாவில் ஏவிசி-லான், பிஎம்டபிள்யூவில் ஐ-பஸ், பயனியருக்கு ஐபி-பஸ். கம்பெனிகள் இவற்றை வெளியே சொல்லவில்லை. உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு மின்னணுக்காரர்கள் ஒயரில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்து, அர்டுய்னோ போர்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறார்கள். கார் கம்பெனியின் ஆதரவு முடிந்த இடத்தில் இவர்கள் செய்த வேலை என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் அழகான பக்கம். இந்த வழியில் ஒரு போனஸும் உண்டு: ஸ்டீயரிங்கில் 'அடுத்த பாட்டு' பொத்தானை அழுத்தினால், செட் சேஞ்சருக்கு அனுப்பும் கட்டளையைப் பெட்டி பிடித்து, புளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்லிவிடும்.

கேசட்டும் மக்கர் செய்கிறது, சேஞ்சர் சாக்கெட்டும் இல்லை என்றால், செட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். பழைய செட்டில் திருகும் வால்யூம் கண்ட்ரோலின் உள்முனையில், இடையில் ஒரு கெப்பாசிட்டர் வைத்து சமிக்ஞையைக் கொடுக்கலாம். பொத்தானை அழுத்தி வால்யூம் கூட்டும் செட் என்றால், ஒலியைக் கட்டுப்படுத்தும் ஐசியின் 'டேப்' உள்ளீட்டுக் கால்களைத் தேடிப் பிடித்து, அங்கே புளூடூத் போர்டை இணைப்பார்கள். ஹெட், அதன் முன்பெருக்கி எல்லாம் விலகிவிடுவதால் ஒலித் தரத்தில் இதை மிஞ்ச வழியில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்து முடித்த பிறகுதான் பலருக்கு அந்த 'வ்வ்வீ...' கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அது ஆல்டர்னேட்டரின் குரல். ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்சாரம் தயாரிக்கிறது, ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனால் முழுக்கச் சமமாவதில்லை, மேலே சிறு அலை மிஞ்சும். பரவலாக உள்ள 12 துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் அந்த அலை 1200 ஹெர்ட்ஸ். 6000 சுற்றில் 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் 2000 - 5000 ஹெர்ட்ஸ் பகுதியில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்கிறது.

அந்த அலை பாட்டுக்குள் வரும் வழி எர்த். புளூடூத் ரிசீவர், லைட்டர் துளையில் செருகிய சார்ஜர் வழியாக ஓரிடத்தில் எர்த் ஆகிறது. பாட்டை செட்டுக்குக் கொண்டுபோகும் ஆக்ஸ் ஒயர் வழியாக செட்டின் எர்த்திலும் சேர்கிறது. காரின் பாடி எல்லாம் ஒரே இரும்பானாலும் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஆக்ஸ் ஒயரில் ஓடிப் பாட்டோடு கலக்கிறது. 300 மில்லிவோல்ட் பாட்டில் 3 மில்லிவோல்ட் கலந்தாலே மென்மையான இடங்களில் தெளிவாகக் கேட்கும்.

கண்டுபிடிப்பது எளிது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ரிசீவரை அதன் சொந்த பேட்டரியில் ஓட விடுங்கள். சத்தம் நின்றால் எர்த்தில்தான் குறை. கடையில் கிடைக்கும் ஐசோலேட்டர் உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். சத்தத்தை நிறுத்தும், மலிவானது என்றால் தவிலின் அடியையும் சேர்த்து விழுங்கும். ரிசீவருக்கு மின்சாரத்தையும் எர்த்தையும் செட்டின் முதுகிலேயே, ஒரே இடத்தில் எடுப்பதே முறையான வைத்தியம்.

அங்கே எடுக்கும்போது சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏசிசி ஒயரில் எடுக்கச் சொல்லுங்கள். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயரில் கொடுத்துவிட்டால், 30 மில்லியாம்பியர் இழுக்கும் போர்டு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி தின்னும். சிறு காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி.

பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் பற்றிய விவாதங்களில் பணத்தை விடாதீர்கள். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசியே நொடிக்கு 328 கிலோபிட் வரை பாட்டைக் கடத்தும். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே லாரி ஓடும் சாலையில் அதற்கு மேலுள்ள நுணுக்கம் காதுக்கு எட்டாது.

செட்டைத் திறக்கும் வேலையை மட்டும் அலங்காரக் கடையில் கொடுக்காமல், சர்க்யூட் பார்த்து வேலை செய்யும் டிவி, டேப் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அதற்கு முன் செட்டின் ரகசிய எண்ணைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்குப் பயந்து பல கம்பெனிகள் செட்டுக்குப் பூட்டு வைத்திருக்கின்றன. மின்சாரம் ஒருமுறை நின்றால் எண் கேட்கும், தவறாகப் பல தடவை கொடுத்தால் நீண்ட நேரம் பூட்டிக்கொள்ளும். காருடன் வந்த கையேட்டு உறையில் சின்ன அட்டையாக அது இருக்கலாம். அது கைக்கு வராமல் பேட்டரி முனையில் ஸ்பானர் வைக்க வேண்டாம்.