பித்தம் என்னும் சொல்லும் பித்தப்பைக் கல்லும்

தமிழ் மக்கள் நாவில் ஓயாது புரளும் நோய்ச்சொல் ஒன்று உண்டெனில் அது பித்தம் என்பதேயாகும். தலை சுற்றினாற் பித்தம். வாய் கசந்தாற் பித்தம். காலையில் எழுந்ததும் குமட்டினாற் பித்தம். பாதம் வெடித்தால் அது பித்தவெடிப்பு. இளமையில் மயிர் வெளுத்தால் அது பித்தநரை. அறிவு மயங்கியவன் பித்தன். பெற்ற மனமோ பித்து. இறைவனையே அப்பெயரால் விளித்துத் தம் முதற் பதிகத்தைத் தொடங்கிய சுந்தரமூர்த்தி நாயனாரை அறியாத சைவர் இலர். இத்துணைப் பொருளையும் சுமந்து நிற்கும் ஒரு சொல், உடம்பில் ஒரு குறித்த இடத்தில் ஒரு குறித்த நோய் தோன்றும்போது நமக்கு வழி காட்டுமா, வழி மறிக்குமா? மறிக்கும் என்பதை நான் ஏட்டிற் கற்கவில்லை. என் மாணவன் ஒருவனுடைய வீட்டிற் கற்றேன்.

ரம்புக்கனைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து என்னிடம் தமிழ் படிக்க வந்தவன் அவன். தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் ஒருநாள் பிந்தி வந்தான். காரணம் வினவியபோது, "அம்மாவுக்கு ராத்திரி முழுக்கப் பித்தம் ஐயா. நெஞ்சுக்குழியப் புடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்திச்சு" என்றான். நான் வைத்தியன் அல்லேன்; ஆயினும் பண்டிதன் அல்லனோ? வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றையும் வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்கண்ணே வைத்த முறைமையை அவனுக்கு விளக்கி, இஞ்சிச்சாற்றில் தேன் கலந்து கொடுக்கும்படி சொல்லி அனுப்பினேன். வகுப்பு நன்றாக நடந்தது. அந்த அம்மையாருக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை.

அந்நோவு அதன்பின் நான்கைந்து முறை வந்து போனதாகப் பின்னர் அறிந்தேன். ஒவ்வொரு முறையும் சில மணிநேரம் வருத்திவிட்டுத் தானே தணிந்தமையால், இஞ்சி வென்றது என்று ஒருமுறையும், சோடா வென்றது என்று மறுமுறையும், கடையில் வாங்கிய 'காஸ்றைற்றிஸ்' குளிசை வென்றது என்று பிறிதொரு முறையும் எண்ணிக்கொண்டனர். பால்வெட்டுக்குப் போகாத நாளிற் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தணிந்த நோவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளைக் கழிக்க எவர் துணிவர்?

தீபாவளி இரவில் ஆட்டிறைச்சிக் கறியும் எண்ணெய்ப் பலகாரமும் உண்டபின் வந்த நோவு விடியும்வரை தணியவில்லை. குளிரும் நடுக்கமும் சேர்ந்தன. இரண்டாம் நாள் கண் மஞ்சளித்தது. இது செங்கண்மாரி என்று ஒருவர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார். மேலும் மூன்று நாள் சென்றன. முடிவில் ஆஸ்பத்திரியிற் சேர்த்தபோது, பித்தப்பையிலிருந்த கல்லொன்று வழுகிப் பித்தநாளத்தை அடைத்துவிட்டது என்றும், அதனாற் சதையியும் அழற்சியுற்றுவிட்டது என்றும் வைத்தியர்கள் கூறினர். சதையியைக் கணையம் எனவும் வழங்குவர். அவர் பல வாரம் கட்டிலிற் கிடந்தார். உயிர் மீண்டது. ஆனால், தை மாதத்தில் என்னிடம் வந்த செய்தியை நான் சரியாகக் கேட்டிருந்தால் ஐப்பசி மாதத்துத் துன்பம் நேர்ந்திராது என்பதை நான் மறக்கவியலாது.

சித்த நூலார் சொல்லும் பித்தம் உடம்பு முழுவதும் இயங்கும் அழற்றன்மை. மூன்று தாதுக்களுள் ஒன்று. உடற்கூற்று நூலார் சொல்லும் பித்தமோ கண்ணாற் காணத்தக்க ஒரு நீர். ஈரல் அதனை நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேலாகச் சுரக்கின்றது. வலப்புற விலாவின் கீழ், ஈரலின் அடிப்புறத்தே ஒட்டிக்கிடக்கும் சிறு பை அதிற் சிறிதளவை ஏற்றுச் சுண்டச்செய்து வைத்திருக்கும். அப்பை கொள்ளுவது 30 முதல் 50 மில்லிலீற்றர். ஒரு சிறு தேநீர்க் கிண்ணத்துக்கும் போதாது. நெய்ப்பொருள் குடலை அடைந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும். அது கொழுப்பைக் கரைக்கும். அந்நீரிலுள்ள பொருள்கள் அளவு பிறழ்ந்தாலோ, பை காலத்தில் வெறுமையாகாது தேங்கினாலோ, துகள் திரண்டு கல்லாகின்றது. இருவேறு பொருள்களுக்கு ஒரே பெயர் வழங்குவதனாலேயே நான் இடறினேன்.

மொழிபயில்வார்க்கு இங்கே ஒரு செய்தி. இந்நாளில் நெஞ்சுநோய்க்கு அஞ்சுவோர் யாவரும் உச்சரிக்கும் 'கொலஸ்திரோல்' என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியிற் 'கெட்டியான பித்தம்' என்பது பொருள். அப்பொருளை முதன்முதற் கண்டது மனிதரின் பித்தக்கல்லிலேதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சு நாட்டு இரசாயன நூலார் செவ்ரல் அதற்குப் பெயரிட்டார். துயரத்தைக் குறிக்கும் 'மெலங்கலி' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'கரும்பித்தம்' என்னும் கிரேக்கத் தொடரின் வழிவந்தது. பித்தத்தின்மேற் பழி சுமத்துவதில் நாம் தனித்தவர் அல்லேம். அவ்வளவேன்? நம் பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துப் புகட்டிய கோரோசனை என்பது பசுவின் பித்தக்கல்லன்றோ! மாட்டின் கல் மருந்தாயிற்று. மனிதனின் கல் நோயாயிற்று.

நோவுக்கு வருவோம். பெயரை விட்டுவிட்டு, அது எங்கே, எப்பொழுது, எத்துணை நேரம் என்று கேட்டாற் பித்தக்கல் பெரும்பாலும் தன்னை வெளிப்படுத்திவிடும். இடம் நெஞ்சுக்குழி, அல்லது வலப்புற விலாவின் கீழ். அங்கிருந்து வலத் தோட்பட்டைக்கோ, முதுகில் இரு தோட்பட்டைகளின் நடுவுக்கோ அது பாயும். காலம் பெரும்பாலும் இரவு. நெய்யும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்த உணவு உண்டு சில மணிநேரம் கழிந்தபின். விரைவில் ஏறி, ஏறிய நிலையிலேயே அரைமணி முதல் ஐந்து மணிநேரம் வரை நின்று, பிறகு இறங்கும். வயிற்றுப்புண்ணின் எரிவு போலவோ வாயுவின் பொருமல் போலவோ அது அன்று. ஏப்பம் விட்டாலும் தணியாது. காற்றுப் பிரிந்தாலும் தணியாது. புரண்டு படுத்தாலும் தணியாது. குமட்டலும் வாந்தியும் கூடவே வரும். அம்மையார் படுக்காமல் உட்கார்ந்தே இரவைக் கழித்தார் என்று மாணவன் சொன்ன ஒரு வாக்கியத்தில் இவற்றுட் பாதி அடங்கியிருந்தது. அதனை நான் கேட்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சுக்குழி நோவு மாரடைப்பாகவும் இருத்தல் கூடும். நீரிழிவு உடையோரிடத்தும் முதியோரிடத்தும் அது வயிற்று நோவாகவே வேடம் புனைந்து வரும். வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் எது என்று ஆராய்ந்து கொண்டிருத்தல் தகாது. இந்நாட்டில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தாற் 'சுவசெரிய' நோயாளர் வண்டி வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

நோவு ஐந்தாறு மணிநேரம் கடந்தும் தணியாவிட்டாலும், காய்ச்சலும் குளிர்நடுக்கமும் கண்டாலும், சிறுநீர் சாயத்தண்ணீர் போலக் கறுத்து மலம் வெளிறினாலும், அது காத்திருக்கும் நோயன்று. கல் பைக்குள் அடங்கியிருக்கும் காலம் கழிந்து, வாயிலையோ நாளத்தையோ அடைத்துவிட்டது என்பதன் அறிகுறிகள் அவை. நடுவயிற்று நோவு முதுகைத் துளைத்து வாந்தி ஓயாதிருந்தாற் சதையி தாக்கப்பட்டிருத்தல் கூடும்.

கண் மஞ்சளித்ததும் செங்கண்மாரி என்று ஒரே பெயரிட்டு ஒரே இலையை அரைப்பது எங்கள் சப்பிரகமுவ மாகாணத்திற் பெருந்தீங்கு. இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் மலிந்த மாவட்டங்கள். வயற்சேற்றில் இறங்கியவனுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டு, பின் மஞ்சளும் தோன்றினால், அது எலியின் சிறுநீர் கலந்த நீரால் வந்த நோயாகலாம். சிறுநீரகம் பழுதாகுமுன் மருந்து வேண்டும். ஈரல் அழற்சியால் வரும் மஞ்சள் வேறொன்று. அதிற் பசி அறவே கெட்டுச் சோர்வு முந்தும். கல் அடைத்ததனால் வரும் மஞ்சளில் நோவு முந்தும். மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. இலையை நான் பழிக்கவில்லை. ஆனால் நாளத்தில் இறுகிய கல்லை எந்த இலையும் பெயர்த்ததில்லை. எலுமிச்சம்புளியும் ஒலிவ எண்ணெயும் ஒருங்கே குடித்தாற் கல் வெளியேறும் என்று இப்போது பலர் கைபேசியிற் பரப்புகின்றனர். மலத்தோடு வெளிவரும் அப்பச்சை உருண்டைகளை ஆராய்ந்தோர், அவை அந்த எண்ணெயே குடலில் திரண்டு சவர்க்காரம் போலாகியவை என்று கண்டனர்.

யாருக்கு வரும்? ஆடவரினும் மகளிர்க்கு மிகுதி; பிள்ளை பெற்றவர்க்கும் நாற்பதைக் கடந்தவர்க்கும் உடல் பருத்தவர்க்கும் இன்னும் மிகுதி. மிக விரைவாக உடல் மெலிந்தவர்க்கும் வரும் என்பது பலர் அறியாதது. குருதியணுக்கள் ஓயாது சிதையும் நோயுள்ள சிறுவர்க்குங்கூட வரும். நிறப்பொருள் திரண்ட கருங்கற்கள் அவை. தலசீமியா நோய்க்குப் பெரிய சிகிச்சை நிலையம் எங்கள் அயலூராகிய குருணாகலிலேயே உள்ளது.

கல்லைக் காண்பது இன்று எளிது. ஏறத்தாழ ஆறு மணிநேரம் உண்ணாதிருந்து செய்துகொள்ளும் ஒலியலை ஸ்கேன் போதும். பை நிறைந்திருந்தாற்றான் கல் தெளிவாகத் தெரியும். ஆதலாற் காலைப் பால்தேநீரும் ஆகாது. கல் உண்டு என்றதும் கலங்க வேண்டுவதில்லை. கல்லுடையோருட் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் அது ஊமைக்கல். நோவு தராத கல்லைப் பொதுவாக அப்படியே விட்டுவிடுவர். ஒருமுறை பேசிய கல் மீண்டும் பேசும். அப்போது பையை எடுத்துவிடுவதே வழி. நாளத்தில் அடைத்த கல்லை மட்டும் வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தலும் உண்டு. சிறு கல்லைக் கரைக்க மாத்திரை உண்டாயினும் அது சிலருக்கே பயன்படும். நிறுத்தியபின் கல் மீண்டும் தோன்றுவதும் வழக்கம்.

மாணவனின் தாயாருக்கு நாளத்துக் கல்லை முதலிற் குழாயால் எடுத்தனர். சதையி ஆறியபின் பையை எடுக்க நாள் குறித்தனர். அந்த இடைக்காலத்திற் பொரியலையும் தேங்காய்ப்பாற் கறியையும் ஆட்டிறைச்சியையும் குறைத்து, பட்டினியும் கிடவாமல், வேளைக்கு வேளை சிறிது சிறிதாக உண்ணுமாறு சொன்னார்கள். விடியுமுன் வெறுந்தேநீரோடு மரத்தடிக்குப் போய் நண்பகலில் உண்டு பழகிய அவருக்கு இது புதிய பழக்கம். இரண்டு பிஸ்கற்று மடித்துக்கொண்டு போகக் கற்றார்.

ஆனால் சத்திரசிகிச்சைக்கு அவர் இசையவில்லை. நான் போய்ச் சொன்னபோது, "ஆண்டவன் வச்ச பைய வெட்டி எடுத்துப்புட்டா பொழைக்க முடியுமாய்யா?" என்று கேட்டார். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடவியலாது. 1882 யூலை 15ஆந் தேதி பேர்லின் நகரில் கார்ல் லாங்கென்புக் என்னும் சத்திரவைத்தியர் முதன்முறையாக ஒரு மனிதனின் பித்தப்பையை அகற்றும்வரை உலகமே அப்படித்தான் எண்ணியது. கல் இருப்பதற்காகவன்று, கல்லை விளைவிப்பதற்காகவே பையை நீக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பதினாறு ஆண்டு வருந்திய அந்நோயாளி பிழைத்து வீடு சென்றான். பின்னும் அச்சத்துக்கு இடமில்லாமற் போகவில்லை. பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் அந்தனி ஈடனுக்கு 1953இல் இலண்டனிற் பை நீக்கியபோது பித்தநாளம் காயமுற்று, அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குச் சென்று மீண்டும் சிகிச்சை பெற நேர்ந்தது. அந்நலிவு அவரை முற்றாக விட்டு நீங்கவேயில்லை. நாளத்தின் காயம் இன்றும் அரிதாக நேர்வதுண்டு. தேர்ந்த கை வேண்டும் என்பது அதனால்தான். 1985இல் செருமனியில் எரிக் மூஹெ என்பவர் சிறு துளைகளின் வழியே பையை எடுத்துக் காட்டினார். அவரை எள்ளிய அந்நாட்டுச் சத்திரவைத்தியர் சங்கமே 1992இல் அவருக்கு விருது வழங்கியது. இந்தியாவில் இம்முறையை 1990இல் மும்பையிலே தொடங்கியவர் தெகம்தன் உத்வாடியா. வயிற்றை அகலக் கிழித்துப் பல நாள் கிடந்த காலம் பெரும்பாலும் மாறிவிட்டது.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம் நான் சொல்லவில்லை. பேர்லினும் பொஸ்ரனும் அவருக்கு எதற்கு? "பின்னவலையில் மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும் யானைகளைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றேன். 1975 முதல் எங்கள் ஊருக்குப் புகழ் தந்த யானைகள் அவை, பார்க்காமலிருப்பாரா? "அவற்றுள் ஒன்றுக்கும் பித்தப்பை இல்லை. யானை இனத்துக்கே இல்லை, குதிரைக்கும் இல்லை. ஈரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்குப் போகும். உங்களுக்கும் அப்படியே போகும்" என்றேன். அவர் மகனைப் பார்த்தார். "மெய்யாடா?" என்றார். அவன் தன் விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டு வந்து மறுநாள் உறுதி கூறினான். பண்டிதரின் சொல்லை அவ்வீட்டார் இனி ஒருமுறை சரிபார்த்தே ஏற்பர், அது நியாயமே.

நான்கு சிறு துளை. இரண்டாம் நாள் வீடு. சில வாரம் வயிறு சற்று இளகியிருந்தது. பின்பு அது தானே சீராயிற்று. பாரமான வாளியைத் தூக்கும் வேலைக்கு ஒரு மாதம் கழித்தே போனார். இப்போது சம்பலும் உண்கிறார், அளவோடு.

எடுத்த கற்களை ஒரு சிறு போத்தலில் இட்டுக் கொடுத்திருந்தனர். மிளகினும் சிறிது பெரியவை, பட்டை தீட்டியவை போல ஏழு. மாணவன் அதனை வகுப்புக்கே கொண்டுவந்து, "இதுவும் கோரோசனைதானே ஐயா, வித்தால் காசு வருமா?" என்று கேட்டான். பசுவின் வயிற்றிற் பிறந்தாற்றான் அதற்கு விலை என்றேன்.