கொன்றால் புள்ளி, கற்றால் விலை

ஒரு கோப்ளினைக் கொன்றால் 50 புள்ளி. 300 புள்ளி சேர்ந்தால் இரண்டாம் மட்டம். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிநூல் ஒரு வீரனை இப்படித்தான் வளர்க்கிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைத்தே ஆடும் விளையாட்டு இது. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற அமெரிக்கர் இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. கொலையை எண்ணி ஆளை உயர்த்தும் கணக்கு, யுத்தத்துக்குள் வளர்ந்த எனக்கு முதல் வாசிப்பிலேயே உறுத்தியது. (கதையின் திருப்பங்களுக்கு ஏற்ப மட்டம் கொடுக்கவும் அதே நூல் இடம் தருகிறது என்பதையும் சொல்லவேண்டும்.)

மந்திரவாதிக்குத் 'தீப்பந்து' 5ஆம் மட்டத்தில்தான் கைக்கு வரும். ஏவினால் ஆறுமுகத் தாயக்கட்டை 8 உருட்டி, விழும் கூட்டுத்தொகை சேதம். 20 அடி ஆரைக்குள் நிற்கும் சொந்த ஆட்களையும் அது விட்டுவைக்காது. மந்திரவாதி மட்டம் ஏறியதும் தீப்பந்தும் தானாகப் பெருகும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. மந்திரங்களுக்கென்று தனிப் படிகள் உண்டு. தீப்பந்து 3ஆம் படி. 4ஆம் படிக்குரிய சக்தியைச் செலவழித்தால் 9 கட்டை, 5ஆம் படியென்றால் 10. அந்தச் சக்தியும் நாளொன்றுக்கு இத்தனை தடவைதான். 'நெருப்புக்கணை' போன்ற செலவில்லாத சிறு மந்திரங்கள் மட்டும் 5, 11, 17ஆம் மட்டங்களில் தாமாகவே வலுக்கும்.

திறமைகளும் மட்டத்தோடு ஒட்டிக்கொண்டே ஏறும். தேர்ச்சிக்கான கூட்டல் 2இல் தொடங்கி 17ஆம் மட்டத்தில் 6 ஆகிறது. இடையில் ஒரு பூட்டையேனும் தொடாதவனும் பூட்டுத் திறப்பதில் முன்னேறிவிடுவான்!

1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' மட்டங்களையே தூக்கியெறிந்து, பாவித்த திறமையே வளரும் என்றது. 1981இல் வந்த 'கோல் ஒஃப் கதுலு'வும் அதே வழிதான். வெற்றிகரமாகப் பாவித்த திறமைக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுவார்கள். பிறகு 100க்குள் ஓர் எண் உருட்டவேண்டும். இருக்கும் திறமையைவிட அது கூடினால்தான் ஏற்றம். 30 வீதம் தெரிந்தவர் இலகுவில் ஏறுவார். 90 வீதக்காரர் அந்த உருட்டலில் பெரும்பாலும் தோற்பார். தெரிந்தது கூடக்கூட, கற்பது கடினமாகிறது.

அங்கே மந்திரத்துக்கு விலையும் உண்டு. பழைய நூல்களைப் படித்து இரகசிய அறிவு எத்தனை புள்ளி கூடுகிறதோ, மனத்திடத்தின் உச்ச எல்லை 99இலிருந்து அத்தனை குறையும். பிறகு என்ன சிகிச்சை பெற்றாலும் அந்த எல்லையைத் தாண்டித் தேற முடியாது.

எனது பாத்திரத்தின் அறிவு 22, எல்லை 77. அடுத்த நூலைத் திறக்கிறீர்களா என்று கதை நடத்தியவர் கேட்டார். நான் அதை மூடியபடியே அலுமாரியில் வைத்தேன்.