பதக்கங்களும் தும்புத்தடியும்

யுத்தகளத்தில் வீரம் காட்டியவர்களுக்கு நாடுகள் பதக்கம் அணிவித்துக் கௌரவிக்கின்றன. அப்படிக் கௌரவிக்கப்பட்டவர் ஓர் ஏழைப் பெண்ணாக இருந்தால், யுத்தம் முடிந்தபின் அவருடைய வாழ்க்கை எப்படி அமையும்? சேர்பிய நாட்டின் மிலுங்கா சாவிச்சின் கதை இதற்குப் பதில் தருகிறது.

மலைக்கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மிலுங்கா. 1912இல் பால்கன் யுத்தம் மூண்டபோது அவரது சகோதரனுக்கு இராணுவ அழைப்பு வந்தது. சகோதரனுக்குப் பதிலாக இவர் தலைமுடியைக் கத்தரித்து, ஆண் உடை அணிந்து படையில் சேர்ந்தார் என்று கூறப்படுகிறது. 1913இல் பிரெகல்னிட்சா ஆற்றங்கரைச் சமரில் காயமடைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட போதுதான் அவர் பெண் என்பது வெளிப்பட்டது.

தாதியாகப் பணிபுரியலாம் என்றார் மேலதிகாரி. படைவீரராகவே இருப்பேன் என்றார் மிலுங்கா. யோசித்து மறுநாள் பதில் சொல்வதாக அதிகாரி கூற, பதில் வரும்வரை இங்கேயே நிற்கிறேன் என்று அசையாமல் நின்றாராம். அதிக நேரம் செல்லுமுன்பே அனுமதி கிடைத்ததாம்.

1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. கைக்குண்டு வீசுவதில் மிலுங்கா பெயர் பெற்றார். 1916இல் இன்றைய வட மசிடோனியாவில் நடந்த சமரொன்றில் 23 பல்கேரியப் படையினரைத் தனியொருவராகச் சிறைப்பிடித்தார் எனச் சொல்லப்படுகிறது. சேர்பியாவின் உயர்ந்த வீர விருதான கராஜோர்ஜே நட்சத்திரம் அவருக்கு இரு தடவைகள் கிடைத்தது. பிரான்ஸ் நாடும் தனது உயர் விருதுகளை வழங்கியது. உலகில் மிக அதிக விருதுகள் பெற்ற பெண் படைவீரர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

1919இல் அவர் படையிலிருந்து விலகினார். பிரான்சில் குடியேறினால் ஓய்வூதியம் தருவதாகச் சொன்னார்கள். அவர் சொந்த நாட்டிலேயே தங்கினார். திருமணம் நடந்தது, மகளொருத்தி பிறந்தாள். ஆனால் அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. தனித்துப்போன மிலுங்கா தன் மகளோடு மேலும் மூன்று பெண் பிள்ளைகளைத் தத்தெடுத்தார். நால்வருக்கும் சோறு போட வேண்டும், பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பெல்கிரேட் நகரின் வங்கியொன்றில் சுத்திகரிப்புத் தொழிலாளியாகச் சேர்ந்தார். தான் பிறந்த ஊர்ப் பிள்ளைகள் பலரும் படிப்பதற்கு அந்தச் சிறு வருமானத்திலிருந்தே உதவினார்.

வங்கிக்கு வந்து போன எத்தனை பேருக்குத் தெரியும், தரை துடைக்கும் இந்தப் பெண்ணிடம் இத்தனை பதக்கங்கள் இருக்கின்றன என்று? ஆண்டுகள் பல கடந்தன. முதுமையிலும் வசதியான ஒரு வீடு அவருக்கு இருக்கவில்லை. பத்திரிகைகள் எழுதி, மக்கள் குரல் எழுப்பிய பின்னரே 1972இல் நகர நிர்வாகம் ஒரு சிறு வீட்டை ஒதுக்கியது. அடுத்த ஆண்டு, 1973 ஒக்டோபர் 5ஆம் திகதி அவர் காலமானார். இறந்து 40 ஆண்டுகள் சென்ற பின், 2013இல் அவரது உடல் எச்சங்கள் பெல்கிரேட்டில் பெரியோர்களுக்கான மயானப் பகுதியில் அரச மரியாதையுடன் மீள அடக்கம் செய்யப்பட்டன.

மரியாதை வந்தது. ஆனால், அடுப்பெரிக்க வழியின்றிப் பிள்ளைகளோடு அவர் போராடிய காலத்தில் அது வரவில்லை.

சகோதரிகளே, யுத்தத்தில் காட்டிய துணிவுக்கு விருது உண்டு. யுத்தம் முடிந்தபின் கூலிவேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கும் துணிவுக்குப் பதக்கம் கிடைப்பது அரிது. சில வருடங்கள் துப்பாக்கி ஏந்தியதைவிட, பல வருடங்கள் தும்புத்தடி பிடித்து நான்கு பெண் பிள்ளைகளை வளர்த்தது மிலுங்காவுக்கு இலகுவாக இருந்திருக்குமா? உங்களில் பலருக்கு இதன் விடை தெரியும்.

எமது அயலிலும் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழும்போதே கைகொடுப்போம். காலங்கடந்து வரும் மாலையைவிட இன்று கிடைக்கும் ஒரு நேர உதவி பெரிது.