கறிவேப்பிலையில் ஓர் அன்னியர் பெயர்

கள்ளக்குறிச்சிச் சீமையில் கறிவேப்பிலை மணக்காத அடுக்களை உண்டோ? அவ்விலைக்குத் தாவர சாஸ்திரம் இட்ட பெயர் ‘முராயா கேனிகீ’. முற்சொல்லைச் சிலர் இப்போது ‘பெர்கெரா’ என மாற்றினும், பிற்சொல் மாறவில்லை. அது 1768-இல் டேனிஷ் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்த கேனிக் என்பவரைக் குறிப்பது.

கேனிக் சாமானியரல்லர். லின்னேயஸின் மாணாக்கர், ஆற்காட்டு நவாபிடமும் பின்னர்க் கும்பினியாரிடமும் உத்தியோகம் வகித்து, செடிகொடிகளைத் தேடித் திரிந்து, 1785-இல் இந்நாட்டிலேயே மாண்டார். அவ்வுழைப்பை நாம் வணங்குகிறோம்.

ஆயினும், அவர் வருமுன்னரே அவ்விலையின் குணமறிந்து உண்டவர் நம் முன்னோரன்றோ? அவர்களில் ஒருவர் பெயரேனும் அதில் உண்டா?

அன்னியர் பெயரிட்டாரென அழுது பயனில்லை. அவர் எழுதி வைத்தார், நாம் வைக்கவில்லை. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் மலைவாசிகளிடம் மரந்தோறும் ஒரு பெயரும், பெயர்தோறும் ஒரு பயனும் இன்றும் உண்டு. ஏட்டிலேறாத அவ்வறிவு முதியவர்களோடு மண்ணாகி வருகிறது.

வாலிபர்களே! காகிதமும் பென்சிலுமாக மலையேறுங்கள். கேட்டதை எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் அருகில் எழுத மறவாதீர்கள்!