கைக்குழந்தையோடு கப்பல் பிரயாணம்
தர்மபுரித் தாய்மார்கள் மூட்டை கட்டுவது எப்படி?

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அங்கே பெரிய தண்ணீர் என்றால் காவிரிதான். விருந்தாளி வந்தால் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போவார்கள். பரிசலில் ஏற்றுவார்கள். அருவியின் சாரல் முகத்தில் அடிக்கும். குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கும்.

பரிசல் சவாரிக்கு மூட்டை முடிச்சு வேண்டாம். மாற்றுத் துணி ஒன்று, துண்டு ஒன்று போதும். பசித்தால் கரையிலேயே மீன் வறுத்துக் கொடுப்பார்கள். குழந்தை அழுதால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பும் வழியைப் பார்க்கலாம்.

கப்பலில் ஏறிவிட்டால் அது நடக்காது. நடுக்கடலில் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், தெருமுனை மருந்துக் கடைக்கு ஓட முடியாது. கையில் இருப்பதுதான் மருந்து. பையில் இருப்பதுதான் துணி. ஆகவே, கப்பல் பிரயாணம் துறைமுகத்தில் தொடங்குவது இல்லை. வீட்டில் பெட்டியைத் திறந்து வைக்கிறார்களே, அப்போதே தொடங்கிவிடுகிறது.

அன்றைய கப்பல்

தமிழர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. 1926-ம் ஆண்டு கட்டப்பட்ட "ரஜூலா" கப்பலை அறியாத பழைய குடும்பங்கள் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது போய் வந்தது. 1973 வரை ஓடியது. பணம் இல்லாதவர்கள் கப்பலின் மேல்தளத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். தகரப் பெட்டி, தலையணை, ஊறுகாய், கைக்குழந்தை எல்லாம் அந்தப் பாயைச் சுற்றியே இருந்தன. பிழைக்கப் போன பிரயாணம் அது.

இப்போது பொழுதுபோக்கவும் கப்பலில் போகிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார். "கார்டிலியா" என்ற கம்பெனி அந்தக் கப்பலை ஓட்டியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அது இலங்கைக்கும் போயிற்று. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய ஊர்களைத் தொட்டு வந்தது. 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சிறிய கப்பல் ஒன்று விடப்பட்டது. அது சில மணி நேரப் பிரயாணம்தான். அந்தமானுக்குப் போகும் கப்பலோ இரண்டு, மூன்று நாள் கடலிலேயே இருக்கும்.

எந்தக் கப்பல் என்றாலும், டிக்கெட் வாங்கும் முன்பு ஒரு கேள்வி கேட்க வேண்டும். "குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும்?" என்பதே அது. உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பலவும் 6 மாதம் நிறையாத சிசுவை ஏற்றுவது இல்லை. நீண்ட தூரம் போகும் சில கப்பல்களில் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். தாய் மறுபடியும் கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் இடம் இல்லை. துறைமுக வாசலில் இதைத் தெரிந்துகொண்டு திரும்புவது பெரிய கொடுமை. பணமும் போகும், மனமும் நோகும்.

இலங்கைக்குப் போவதென்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். தாயின் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது.

பெரிய பெட்டி போய்விடும்!

முதல்தடவை கப்பல் ஏறுகிறவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ரயிலில் பெட்டி நம் காலடியிலேயே இருக்கும். உல்லாசக் கப்பலில் அப்படி இல்லை. துறைமுகத்திலேயே பெரிய பெட்டிகளை வாங்கிச் சீட்டு ஒட்டிக் கொண்டுபோய்விடுவார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்து, அறை வாசலுக்கு அவை வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். சில சமயம் இரவே ஆகிவிடும்.

அதுவரை குழந்தை சும்மா இருக்குமா? பால் கேட்கும். துணியை நனைக்கும். தூக்கத்துக்கு அழும். பால் புட்டி பெரிய பெட்டியில், பெட்டி கப்பலின் வயிற்றில் என்றால் தாயின் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு ஒரே வழி, கைப்பை ஒன்றைத் தனியாகத் தயார் செய்வது. ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கும்படி அந்தப் பை இருக்க வேண்டும். குழந்தைக்கு மூன்று மாற்று உடை, தாய்க்கும் ஒரு மாற்று உடை. (குழந்தை வாந்தி எடுப்பது தாயின் தோளில்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) அரைத்துணிகள், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் உறை, பால் பவுடர், கரண்டி, மருந்துகள், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை. பழகிய பொம்மை அல்லது பழைய சேலைத் துண்டு ஒன்றும் இருக்கட்டும். அறிமுகம் இல்லாத இடத்தில் அம்மாவின் பழைய சேலை வாசனை செய்யும் வேலையை எந்த விளையாட்டுச் சாமானும் செய்யாது.

இந்தப் பையைக் கூலிக்காரரிடமும் கொடுக்கக்கூடாது. கணவரிடம் கொடுக்கலாம்; அவர் அதை எங்கேயும் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்காதவராக இருந்தால்!

ராகி மாவு போகுமா?

தர்மபுரி ராகி விளையும் பூமி. அங்கே பல குழந்தைகள் முளைகட்டிய ராகிக் கஞ்சியில் வளர்கின்றன. புறப்படும் வீட்டில் இந்தப் பேச்சு நடக்காமல் இராது.

"பாப்பாவுக்கு ராகி மாவு எடுத்து வெச்சியாம்மா?"

"ரெண்டு டப்பா எடுத்து வெச்சிருக்கேன் அத்தை."

"கப்பல்லே காய்ச்சிக் குடுப்பாங்களா?"

மாமியார் கேட்பது சரியான கேள்வி. உல்லாசக் கப்பல்களில் வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக விடுவது இல்லை. குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் பெரும்பாலும் கம்பெனி முத்திரையோடு, உறை பிரிக்காமல் இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் அரைத்த மாவு, பெயர் இல்லாத டப்பாவில் இருந்தால், பரிசோதனை செய்கிறவருக்கு அது ராகி என்று எப்படித் தெரியும்? எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார். டிக்கெட் வாங்கும்போதே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. உறை பிரிக்காத மாவு ஒன்றையும் கூடவே வாங்கி வைக்கலாம். ஆனால் கடை மாவைக் கப்பலில்தான் முதல்முதலாகக் கொடுத்துப் பார்ப்பது தவறு. இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்து, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை பாதி குறைந்தது. அந்தப் பாலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம்.

மின்சாரக் கெண்டி, இஸ்திரிப் பெட்டி, தீப்பெட்டி, கற்பூரம், ஊதுபத்தி ஆகியவற்றைக் கப்பலில் விடமாட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்துக்கும் விடுமுறை விட வேண்டியதுதான். கடலில் நெருப்பைப் போல் பயங்கரம் வேறு இல்லை. ரஜூலாவுக்குப் பிறகு ஓடிய "சிதம்பரம்" கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. கப்பல்காரர்கள் ஒரு தீக்குச்சிக்குக்கூடப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெந்நீர் வேண்டுமானால் சாப்பாட்டு அறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு நல்ல பிளாஸ்க் போதும்.

தூளி கட்ட இடம் இல்லை

சேலையில் தூளி கட்டி ஆட்டினால்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகள் உண்டு. கப்பல் அறையில் விட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை. கூரையில் சின்னக் குழாய் முனை ஒன்று தெரியும். அது தீயணைக்கும் குழாய். அதில் துணி கட்டினால் உடைந்து அறை முழுவதும் தண்ணீர் கொட்டும். மேல் கட்டிலின் கம்பியில் தூளி கட்டுவதும் ஆபத்து.

அதனால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே குழந்தையைப் பாயில் படுக்க வைத்துப் பழக்க வேண்டும். முதல் இரண்டு இரவு ரகளைதான். பிறகு பழகிவிடும். தொட்டில் கட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால், பல கப்பல்களில் போட்டுக் கொடுப்பார்கள். மேல் கட்டிலில் சிறு பிள்ளையைப் படுக்க வைக்கவே கூடாது.

வாந்தி வந்தால்...

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கப்பல் ஆட்டம் அவ்வளவாகப் பாதிப்பது இல்லை. இரண்டு வயதில் இருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள்தான் அதிகம் சிரமப்படுவார்கள். பச்சைக் குழந்தை சிரித்துக்கொண்டு இருக்கும். அதன் அண்ணன் சுருண்டு கிடப்பான்.

ஆட்டம் குறைவான இடம் கப்பலின் நடுப்பகுதி, அதிலும் கீழ்த்தளம். அறை கேட்கும்போதே இதைச் சொல்லிக் கேட்கலாம். தலை சுற்றும் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கக்கூடாது. வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னால் ஆறுதலாக இருக்கும். போனில் படம் பார்ப்பது தலைசுற்றலை அதிகமாக்கும்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இப்படிப்பட்ட மருந்துகளில் "புரோமெத்தசின்" ஒன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மூச்சையே அடக்கிவிடக்கூடும். புறப்படும் முன்பு குழந்தையை டாக்டரிடம் காட்டி, எடை பார்த்து, காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உல்லாசக் கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் அவர் குழந்தை வைத்தியராக இருப்பது அபூர்வம். கட்டணமும் நம் ஊர்க் கட்டணம் அல்ல.

உப்பு-சர்க்கரைப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) நாலைந்து பையில் இருக்கட்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு மடக் மடக் என்று புகட்டக்கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் உள்ளே போய்விட்டது என்றால் கட்டணத்தைப் பார்க்காமல் கப்பல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைக் குழந்தைக்கு 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையே ஒன்று போடுகிறார்கள். பல ஊர் மக்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் கப்பல். தவணை தவறியிருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். சாப்பிடும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம். கப்பல்களில் பரவும் ஒருவகை வயிற்றுப்போக்குக் கிருமி, கையில் தடவும் கிருமிநாசினிக்கு எளிதில் மசிவது இல்லை.

ஏழு குட்டை, ஒரு நெட்டை

ஒகேனக்கல்லில் மிதவைச் சட்டை போடாமல் பரிசலில் ஏறக்கூடாது. கப்பலிலும் ஏறியவுடன் ஒத்திகை நடத்துவார்கள். சங்கு ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் ஊதினால் ஆபத்து என்று பொருள். எல்லாரும் குறித்த இடத்தில் கூட வேண்டும். 1912-ல் "டைட்டானிக்" மூழ்கிய பிறகு, உலக நாடுகள் 1914-ல் கூடிப் போட்ட சட்டத்தில் இருந்து இப்படிப்பட்ட ஏற்பாடுகள் வளர்ந்தன.

"குழந்தை தூங்குகிறது, நீங்கள் மட்டும் போய் வாருங்கள்" என்று தாய் அறையிலேயே இருந்துவிடுவது தவறு. பெரியவர்களின் மிதவைச் சட்டை குழந்தைக்குச் சேராது, தண்ணீரில் நழுவிவிடும். குழந்தைக்கு என்று தனி அளவு கப்பலில் உண்டு. முதல்நாளே கேட்டு வாங்கி, ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். இருட்டில், அவசரத்தில் வார் எங்கே, கொக்கி எங்கே என்று தேட முடியாது.

மாடம் உள்ள அறை என்றால், கம்பி ஓரமாக நாற்காலி போடக்கூடாது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு நாற்காலிதான் ஏணி. குளியலறை வாசற்படி உயர்ந்து இருக்கும், கதவும் கனமாக இருக்கும். பிஞ்சு விரல் அங்கேதான் நசுங்கும். தினமும் காலையில் குழந்தையைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல யோசனை. கூட்டத்தில் காணாமற்போனால், "என்ன சட்டை போட்டிருந்தது?" என்ற கேள்விக்குத் தவிக்க வேண்டாம். தங்கச் சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் நாளே சென்னையில்

தர்மபுரியில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். மொரப்பூரில் ரயில் ஏறி, அன்றைக்கே கப்பல் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்த் தங்கி, குழந்தையைத் தூங்க வைத்து, மறுநாள் நிதானமாகத் துறைமுகம் போவதே புத்திசாலித்தனம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் வந்தபோது சென்னையே வெள்ளத்தில் தத்தளித்தது. ரயில்களும் விமானங்களும் ரத்தாயின. அந்த மாதங்களில் கைக்குழந்தையோடு கப்பல் பிரயாணம் வேண்டாம். மற்ற மாதங்களிலும், போய்வரும் நாட்களைவிட மூன்று நாள் கூடுதலாகப் பால் பவுடரும் மருந்தும் இருக்க வேண்டும்.

கப்பல் புறப்பட்டதும் போனை "விமான நிலை"யில் போட்டுவிட வேண்டும். மறந்தால் கடல் வழித் தொடர்பில் சேர்ந்து, கட்டணம் ஆயிரக்கணக்கில் ஏறிவிடக்கூடும்.

ஊர் திரும்பிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல் தோன்றும். மொரப்பூர் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் தடுமாறினால், பயப்பட வேண்டாம். அது நோய் அல்ல. குழந்தையை மட்டும் அப்போது மாமியாரிடமோ மற்றவரிடமோ கொடுத்துவிட்டு, மெதுவாக நடந்து வந்தால் போதும்.