கடைக்குப் போகும் முன் இஞ்ச் டேப்

சித்தப்பா வீட்டுக்குள் நுழையும்போதே தினசரியின் முழுப்பக்க விளம்பரத்தை என் கையில் கொடுத்துவிட்டார். மூன்று டிவிகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "முப்பதாயிரம் வச்சிருக்கேன். இந்த மூணுல எதுப்பா வாங்கலாம்?"

சித்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்களை நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். முறத்தில் முருங்கைக்கீரை. அங்கிருந்தபடியே சீரியல் பார்ப்பதுதான் அவர் வழக்கம். இப்போது பார்க்க வழியில்லை. பழைய 32 இஞ்ச் டிவியில் பாதித் திரை இருட்டு, சத்தம் மட்டும் வருகிறது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, இருண்ட பகுதியில் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே நிழலாக ஒரு முகம் வசனம் பேசிக்கொண்டிருந்தது. "படம் போகலை சித்தப்பா. பின்னாடி எரியிற லைட்தான் போயிருக்கு."

எல்இடி டிவி என்று நாம் சொல்வதன் அமைப்பே அதுதான். முன்னால் இருப்பது எல்சிடி திரை. அதற்குத் தானாக ஒளி கிடையாது. பின்னால் வரிசையாக ஒட்டிய எல்இடி பட்டைகள்தான் வெளிச்சம் தருகின்றன. பட்டை போனால் மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். போர்டு போனாலும் பெரும்பாலும் வழி உண்டு. திரை, அதாவது பேனல், உடைந்தால் மட்டும் கிட்டத்தட்டப் புது டிவி விலை கேட்பார்கள். ஆகவே பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் முன் மெக்கானிக்கிடம் ஒரு விலை கேட்பது நல்லது. புது டிவி வாங்கவும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: பேனலை மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் பிறகு சேர்க்கலாம். காசைப் பேனலில் போட வேண்டும்.

அடுத்து டேப்பை எடுத்தேன். சோபாவில் சாய்ந்தால் சித்தப்பாவின் கண்ணிலிருந்து சுவருக்கு எட்டடி, அதாவது 96 இஞ்ச். டிவியின் அளவு என்பது அகலமல்ல, மூலைக்கு மூலை. 43 இஞ்ச் டிவியின் திரை அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், உயரம் 54. ஐம்பத்தைந்து இஞ்ச் என்றால் அகலம் 122 சென்டிமீட்டர். ஷோகேஸின் நடுத்தட்டை அளந்தேன்: 105. சட்டத்தையும் சேர்த்தால் 43தான் அங்கே உட்காரும்.

"எதிர்வீட்டுல 55 வாங்கியிருக்கான்" என்றார்.

வாங்கலாம், தப்பில்லை. நல்ல தரத்தில் சினிமா மட்டும் பார்ப்பவர்கள் திரை அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தாலே போதும். எட்டடிக்கு 55 தாராளமாகப் பொருந்தும். ஆனால் இந்த வீட்டில் பகலெல்லாம் ஓடுவது கேபிள். சாதாரண எஸ்டி சேனலின் படம் 720-க்கு 576 புள்ளிகள், மொத்தம் நாலு லட்சம் சொச்சம். 4கே திரையில் இருப்பதோ 83 லட்சம் புள்ளிகள். நாலு லட்சத்தை வைத்துக்கொண்டு 83 லட்சம் இடத்தை நிரப்ப வேண்டும். மிச்சத்தை டிவி ஊகித்துத்தான் போடும். இட்லி மாவில் தண்ணீர் கலந்து நாலு தட்டு கூடுதலாக ஊற்றுகிற கதை. திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மெழுகு பூசினாற்போலத் தெரியும். கேபிள் அதிகம் பார்க்கும் வீட்டில் தூரத்தைத் திரை அளவைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது என் கணக்கு. 96-ஐ இரண்டால் வகுத்தால் 48. ஆக 43 சரி.

"அப்ப 4கே தேவையில்லையா?"

எட்டடியில் 43 இஞ்ச் திரையில் 4கேவையும் ஃபுல் எச்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். ஆறடிக்குள் போனால்தான் கொஞ்சம் தெரியும். இப்போது இந்த அளவில் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 4கேதான். வந்தால் வரட்டும்; அதற்காகத் தனியாக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த கேள்வியை நான் கேட்டேன்: யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்? சித்தப்பா நேராக. சித்தி இடது ஓரத்திலிருந்து, தரையில், நன்றாகச் சாய்வாக. எல்சிடி பேனலில் இரண்டு வகை பெருவழக்கு. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். அதன் கான்ட்ராஸ்ட் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். இரவில் விளக்கணைத்து நேராக உட்கார்ந்து படம் பார்க்க அது அருமை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான். கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நிறம் மாறாது என்பது அதன் பலம். அட்டைப்பெட்டியில் இது எந்தப் பேனல் என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். கண்டுபிடிக்க வழி சுலபம். கடையில் டிவிக்கு நேரே நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். அப்படியே பார்த்துக்கொண்டு நாலடி பக்கவாட்டில் நடங்கள். முகம் வெளுத்தால் அது சித்திக்கு ஆகாது.

சித்தி கீரையிலிருந்து தலை நிமிர்த்தி, "எனக்கும் சேர்த்தா பார்க்குறீங்க?" என்றார்.

பெட்டியில் என்ன போட்டிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியூஎல்இடி என்றால் அதுவும் எல்சிடிதான். நிறம் கூட்ட குவாண்டம் டாட் படலம் ஒன்று சேர்த்திருப்பார்கள். ஓஎல்இடி வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். முப்பதாயிரத்தில் அது வராது. எச்டிஆர் என்பது படத்தின் வெளிச்சப் பகுதியைக் கூட்டிக் காட்டும் முறை. அப்படிப்பட்ட படங்களை 1000 நிட்ஸ் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிப்பது வழக்கம். நம் பட்ஜெட் டிவிகள் பெரும்பாலும் 250, 300-ஐச் சுற்றியே நிற்கும். முத்திரை இருக்கும், பலன் சொற்பம்.

ஸ்மார்ட் வசதியில் இரண்டைப் பார்த்தால் போதும். ரேம் 2 ஜிபி இருக்கட்டும். 1 ஜிபியில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். கூகுளின் முறையான அங்கீகாரம் உள்ள டிவியா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஓடாமல் போகலாம், ஓடினாலும் மங்கலாக ஓடலாம். நாலைந்து வருடத்தில் இந்த மூளை மந்தமாகும். அப்போது சில ஆயிரத்தில் ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகிக்கொள்ளலாம். சத்தமும் அப்படியே. ஒல்லி டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்தபடி இருக்கும். கேட்பது போதவில்லையென்றால் பிறகு சவுண்ட்பார். அதற்கு எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது டீ வந்தது. பேச்சு பணத்துக்குத் திரும்பியது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 25,000 ரூபாய் அடக்கவிலைக்கு முன்பு 32,000 கொடுத்திருப்போம், இப்போது 29,500. சித்தப்பாவின் முப்பதாயிரத்துக்குள் 43 நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டி விலையிலோ பிராசஸிங் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 80 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால்வாசி.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில், வீட்டில் அடிக்கடி பார்க்கிற பழைய பாட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். கடையில் ஓடுவது எல்லா டிவியிலும் அழகாகத் தெரியும்படி எடுத்த மீன், பூ, அருவி. படமும் விவிட் என்ற பளீர் நிலையில் வைத்திருப்பார்கள். அதை ஸ்டாண்டர்டுக்கோ சினிமாவுக்கோ மாற்றச் சொல்லி, நம் பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோலின் நிறம் தோலாக இருக்கிறதா, கறுப்புத் தலைமுடியில் இழை தெரிகிறதா, இவ்வளவுதான் சோதனை. வீட்டிலும் விவிட் வேண்டாம். பின்விளக்கு எப்போதும் முழு வேகத்தில் எரிந்தால் அந்தப் பட்டைகள் சீக்கிரம் சூடேறிக் கெடும்.

சனிக்கிழமை வாங்கினார். விளம்பரத்தில் வட்டமிட்ட மூன்றில் எதுவுமில்லை. பக்கவாட்டில் நடந்து பார்த்ததில் தேறிய 43. ஆனால் ஷோகேஸ் தட்டில் வைக்க மனமில்லை, சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றார். மாட்ட வந்த பையன், கேட்காமலேயே காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில், நின்று பார்க்கிற உயரத்தில் பென்சில் கோடு போட்டான். எல்லா வீட்டிலும் அங்கேதான் மாட்டுவானாம்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் சித்தப்பா. சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நிலைப்படி பக்கம் சித்தியின் இடத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஒன்றரை அடி இறக்கிப் போடுப்பா" என்றார்.