செம்மண்ணுக்குள் தங்கம், மேலே காடு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேரிபரோ ஊரை ஒட்டிய பொதுக்காட்டில், 2015ஆம் ஆண்டு ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு தங்கம் தேடிக்கொண்டிருந்தார். கருவி ஒலித்த இடத்தில் மஞ்சள் களிமண்ணுக்கு நடுவே செம்பழுப்பான ஒரு கல் கிடைத்தது. எடை 17 கிலோ. அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கனம். உள்ளே தங்கம் இருக்கிறது என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் ரம்பத்தால் அறுத்தார், துளையிட்டார், அமிலம் ஊற்றினார், சம்மட்டியால் அடித்தார். எதற்கும் அது பிளக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றபோதுதான் விஷயம் புரிந்தது. வைர ரம்பம் போட்டு ஒரு துண்டை வெட்டிப் பார்த்த நிலவியலாளர்கள், அது விண்கல் என்றார்கள். சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள், வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்.

சம்பளத்துக்காக அல்லாமல் ஆசைக்காகத் தேடும் ஒருவர், அரசுக் காட்டில் இப்படித் தோண்டிப் பார்க்க முடிந்ததற்குப் பின்னால் ரத்தம் சிந்திய வரலாறு இருக்கிறது. 1851இல் இங்கே தங்க வேட்டை தொடங்கியதும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் என்று அரசு வசூலித்தது. அதே மாநிலத்தின் பல்லாரட் ஊரில் தங்கம் தோண்டிய தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1854 டிசம்பர் 3 அன்று அவர்கள் எழுப்பியிருந்த யுரேகா அரணில் ராணுவம் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே அந்த உரிமம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டு விலையில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற சீட்டு வந்தது. வைத்திருந்தவருக்கு வாக்குரிமையையும் தந்த சீட்டு அது. அதே பெயரில் இன்றும் விற்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கைக்கருவிகளும் டிடெக்டரும் மட்டுமே பயன்படுத்தலாம், தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், கிடைத்த தங்கம் கண்டெடுத்தவருக்கே.

ஒன்றரை நூற்றாண்டு சல்லடை போட்ட நிலத்தில் இன்னும் தங்கம் மிஞ்சியிருப்பது எப்படி? 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்கு அடியில் அழுத்தத்தில் கொதித்த நீர் கந்தகத்தோடு சேர்த்துத் தங்கத்தையும் கரைத்துக்கொண்டு பாறைப் பிளவுகளில் ஏறியது. குவார்ட்ஸ் படிந்தபோது தங்கமும் படிந்தது. ஆனால் அந்த நீரில் கரைந்திருந்த தங்கம் மிகமிகக் கொஞ்சம். பெரிய கட்டி எப்படித் திரண்டது என்பதற்கு 2024இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழகான விளக்கம் ஒன்றை முன்வைத்தார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். நிலநடுக்கத்தின் ஒவ்வொரு குலுக்கலிலும் பிறக்கும் அந்த மின்சாரம், கரைந்த தங்கத்தைப் படியவைக்கிறது. தங்கம் நன்றாக மின்சாரம் கடத்துவதால், ஏற்கெனவே இருக்கும் துகள் மேலேயே புதிய தங்கம் ஒட்டுகிறது. குவார்ட்ஸ் துண்டுகளைக் கரைசலில் வைத்துக் குலுக்கி, சோதனைக்கூடத்தில் இதைச் செய்தே காட்டினார்கள்.

பின்னர் மலை தேய்ந்தது. குவார்ட்ஸ் உடைந்து சிதற, தங்கக் கட்டிகள் மண்ணின் மேலடுக்கிலேயே தங்கிவிட்டன. 1869இல் மோலியாகுலில் கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் மட்டும் 72 கிலோ தங்கம். அது சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது.

அங்குள்ள செம்மண்ணில் இரும்புச் சேர்மங்கள் மிகுதி. பழைய டிடெக்டர்கள் அந்த இரும்புக்கே கத்திக்கொண்டிருக்கும். அடிலெய்டின் மைன்லேப் நிறுவனத்துக்காக புரூஸ் கேண்டி வடிவமைத்து 1990களின் நடுவில் வந்த கருவி, வெவ்வேறு நீளமுள்ள மின்துடிப்புகளை மாறி மாறி அனுப்பியது. துடிப்பு நின்றதும் மண்ணின் காந்தம் தணியும் விதம் ஒன்று, தங்கத்துக்குள் எழுந்த சுழல் மின்னோட்டம் தணியும் விதம் வேறொன்று. மண்ணின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் உலோகத்தின் குரல். தீர்ந்துபோனது என்று கைவிட்ட நிலமெல்லாம் மறுபடி உயிர்பெற்றது.

அதோடு நிலத்துக்கான வழக்கும் வளர்ந்தது. தேடுவோரின் உரிமைக்காக ‘ப்ராஸ்பெக்டர்ஸ் அண்ட் மைனர்ஸ் அசோசியேஷன் ஆஃப் விக்டோரியா’ என்ற சங்கம் அதற்கு முன்பே, 1980இல், தொடங்கியிருந்தது. கிங்கவரில் டிடெக்டர் மூலம் 27 கிலோ ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டி கிடைத்ததும் அதே ஆண்டுதான். 2002இல் இப்பகுதியின் பாக்ஸ்-அயர்ன்பார்க் எனப்படும் யூகலிப்டஸ் காடுகளைத் தேசியப் பூங்காக்களாக அறிவித்தபோது, சில பூங்காக்களுக்குள் குறிப்பிட்ட பகுதிகளைத் தேடுவோருக்குத் திறந்தே வைத்தார்கள். 2019இல் மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு மன்றம் மேலும் பூங்காக்களைப் பரிந்துரைத்தது. 2021இல் அரசு மூன்று புதிய தேசியப் பூங்காக்களுக்கு ஒப்புதல் சொன்னது. நான்கு சக்கர வண்டிக்காரர்கள், குதிரையோட்டிகள், வேட்டைக்காரர்களோடு தங்கம் தேடுவோரும் கைகோத்து எதிர்த்தார்கள்.

‘எங்கள் குழி ஒரு முழ ஆழம், அதையும் மூடிவிடுகிறோம்’ என்பது அவர்களுடைய வாதம். சுரங்கத்துக்கும் விறகுக்குமாக 1850களில் இந்தக் காட்டையே மொட்டையடித்தவர்களோடு ஒப்பிட்டால் அது நியாயமான வாதம். ஆனால் இன்று நிற்பவை பெரும்பாலும் அதன்பின் துளிர்த்த ஒல்லி மரங்கள். பறவைகளும் மரப்பைம்மாக்களும் குடியிருக்கும் பொந்து ஒன்று உருவாக நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். தரையிலோ இன்னும் நுட்பமான உயிர்கள் உண்டு. இக்காட்டின் தரை ஆர்க்கிட் செடிகள் கோடையில் இலை காய்ந்து, விரல் நுனியளவு கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். அவற்றின் விதை முளைக்கக் குறிப்பிட்ட பூஞ்சை அதே மண்ணில் இருக்க வேண்டும். தங்கம் கிடக்கும் ஆழமும் கிழங்கு கிடக்கும் ஆழமும் ஒன்றேதான்; கிழங்குக்கு எந்த டிடெக்டரும் ஒலிக்காது.

ஆகவே முழுக்க மூடுவதும் முழுக்கத் திறப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மூடிவிட்டால் அந்த விண்கல்லைப் போன்றவை கண்ணில் படாமலே போகும். வார இறுதி தவறாமல் அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக நடந்து பார்ப்பவர்கள் வேறு யாரும் இல்லை. 2002இல் செய்ததுபோல இடம் பிரிப்பதே நல்ல வழி. ஆனால் கோடு எங்கே விழவேண்டும் என்பதை ஆர்க்கிட் கணக்கெடுப்பும் பொந்து மரங்களின் கணக்கெடுப்பும் முடிவுசெய்யட்டும். அந்த வரைபடத்தைத் தயாரிக்கும் வேலையில் சங்கத்தினரும், அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஜா ஜா வுரங் மக்களும், தாவரவியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். காட்டின் எந்த மூலையில் என்ன பூக்கிறது என்று சங்கத்துக்காரர்களில் பலர் ஏற்கெனவே அறிந்துதான் இருப்பார்கள்.